ரெஃப்யூஸ் சொல்லும் முகம்

எனக்கும் ஆங்கில வினைச்சொற்களுக்கும் நடந்த சண்டைகளில் பெரும்பாலும் செத்தது அவைதான். திருப்பி அடித்தது ஒன்றே ஒன்று: ரெஃப்யூஸ். அது என் தங்கை புருஷனையே கொண்டுபோய்விட்டது.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் கிரேன் ஓட்டினேன். அதன் உயரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் சவரம் செய்துகொண்டு ஏற ஆரம்பித்தால், மேலே போய்ச் சேர்வதற்குள் தாடி வளர்ந்துவிடும். மாப்பிள்ளைக்கு நேர்மாறான வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கித் துரு சுரண்டவேண்டும். மூடியே கிடந்த தொட்டியில் துரு காற்றைத் தின்றுவிடும். வாசனை வராது, இருமல் வராது. இறங்கினவனுக்குக் கால் மடங்கும், அவ்வளவுதான். அதனால் மீட்டர்க்காரர் வந்து, மேல்துளை வழியாகக் குழாயை விட்டுக் காற்றைப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கவேண்டும் என்று விதி.

மீட்டர் போடாமல் இறங்கச் சொன்னால் மறுக்கலாம் என்று கம்பெனி எங்களுக்கு வகுப்பே எடுத்தது. சூப்பர்வைசருக்கு எங்கள் பாஷை தெரியாதாம், ஆகவே ஆங்கிலத்தில் மறுக்கவேண்டுமாம். பயிற்சி கொடுக்க வந்தவர், "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், ஐ ரெஃப்யூஸ்" என்று உத்தரவிட்டார். கூரைத் தகடு பறந்து கடலில் விழுகிற அளவுக்குக் கத்தினோம். ஒருவர்கூட மறுக்கவில்லை.

எல்லோரிலும் பெரிதாகக் கத்தியவர் மாப்பிள்ளை. தளத்தில் அவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், ஓர் ஆகட்டும். தலையில் இடி விழுந்தாலும் அதைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டிவிட்டுத்தான் எரிவார். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் ஆகட்டும் என்றுதான் சொன்னார். தங்கை அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பக்கத்துக் கப்பலில் ஒரு வெல்டரை இப்படித்தான் மீட்டர் போடாத தொட்டிக்குள்ளிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். உயிர் தங்கியது, பெண்டாட்டி பேர் மறந்துபோனது. அந்தச் செய்தி கேட்ட சாயங்காலமே தங்கை மாப்பிள்ளையை அடுப்படியில் நிறுத்திவிட்டாள். அவள் ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். சுத்தம் வேண்டாம் என்று மறுக்கிற கெஸ்டுகளிடம் ரெஃப்யூஸ் என்ற சொல்லைத் தினமும் கேட்கிறவள்.

"கெஸ்ட் எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? கதவைப் பாதி திறப்பாங்க. சொல்லுவாங்க. சாத்திடுவாங்க. காரணம் சொல்ல மாட்டாங்க, சிரிக்க மாட்டாங்க. எங்க, சொல்லுங்க."

கரண்டியை நீட்டிக்கொண்டு அவளே சூப்பர்வைசர் ஆனாள். மாப்பிள்ளை சொன்னார். உச்சரிப்பு சுத்தம். கூடவே வாயெல்லாம் பல்.

"பல்லைக் காட்டாதீங்க."

"தானா வருதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தாளு கடைசில பல்லைத்தான் பார்ப்பான். வார்த்தையை எவன் கேப்பான்?"

"ஆகட்டும்," என்றார் மாப்பிள்ளை.

"பாருண்ணே, இவரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று என்னிடம் முறையிட்டாள்.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவரைக் குளியலறைக்குள் தள்ளினாள். வெளியே நின்று தட்டினாள். கதவு பாதி திறந்தது. "ஐ ரெஃப்யூஸ்." அடேயப்பா, ஒரு ராஜாங்கமே தூதனைத் திருப்பி அனுப்புகிற மாதிரி ஒரு முகம். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு மனிதருக்கு அதில் ருசி கண்டுவிட்டது. அவசரமாகப் போன என்னையே மறுத்துவிட்டார். அவர் மனமிரங்குவதற்குள் நான் பட்ட பாட்டில் இரண்டு யுகம் கழிந்தது.

"கதவு இருந்தா வருது மச்சான்," என்றார் வெளியே வந்து. திரும்பவும் சிரிப்பு.

"கப்பல்ல கதவுக்கு எங்க போவீங்க?" என்றாள் தங்கை. அவள் சிரிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. மீட்டர்க்காரர் வேறொரு கப்பலுக்குப் போயிருந்தார். கப்பல் சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கடி. சூப்பர்வைசரை நாங்கள் விசில் என்போம், மூச்சு விட்டாலே அப்படி ஒரு சத்தம். மேலே என் கிரேன் கூண்டிலிருந்து எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. விசில் தொட்டித் துளையைக் காட்டினார். மாப்பிள்ளை துளையைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். மீட்டர்க்காரரைத் தேடினாரோ, கதவைத் தேடினாரோ. பிறகு அவர் வாய் அசைந்தது. அதோடு அந்தப் பற்கள். அத்தனை உயரத்திலிருந்தும் தெரிந்தது, வெள்ளை வெளேரென்று.

நான் ஹார்னை அழுத்தினேன். ஹார்ன் கேட்டால் சுமை வருகிறது, ஒதுங்கு என்று அர்த்தம். எல்லோரும் ஒழுங்காக ஒதுங்கினார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. நான் பாதி ஏணி இறங்குவதற்குள் மாப்பிள்ளையின் தலை துளைக்குள் மறைந்துவிட்டது.

துளையருகே கயிறு பிடித்திருந்தவர் பிறகு சொன்னார். "சொன்னாருண்ணே. ஐ ரெஃப்யூஸ் சார்னு சுத்தமாச் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. விசிலும் சிரிச்சான். நல்ல தமாஷ்னு முதுகுல ஒரு தட்டு. இவரு ஆகட்டும்னுட்டு இறங்கிட்டாரு."

காற்று முகமூடி மாட்டிய ஆட்கள் இறங்கி அவரைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள். நான்தான் திரும்ப ஏறித் தூக்கினேன். பத்து யானையை அலுங்காமல் தூக்கும் கிரேன் அது. எடை காட்டும் முள் அன்றைக்கு அசையக்கூட இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கூடவே எங்கள் பாஷை பேசும் குமாஸ்தா. தங்கை கதவைப் பாதி திறந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

குமாஸ்தா குனிந்து பேசினார். "அம்மா, சார் ரொம்ப வருத்தப்படுறாரு. ஒண்ணே ஒண்ணுதான். யாரும் இறங்கச் சொல்லலை, அவரா அவசரப்பட்டு இறங்கிட்டாருன்னு நீங்க ஒத்துக்கணும். அவரு மறுத்ததா யாருமே சொல்லலையே. ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது. அண்ணன் வேலைக்கும் ஒண்ணும் வராது."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி. வேலை போனால் போகட்டும் என்று லேசாகத் தலையசைத்தேன்.

அவள் குமாஸ்தாவை விட்டுவிட்டு மேனேஜரை நேராகப் பார்த்தாள். ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"ஐ ரெஃப்யூஸ்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு மெதுவாகத் தட்டினார்கள். "அம்மா, நீங்க என்ன சொன்னீங்கன்னு சார் கேக்குறாரு," என்றது குமாஸ்தாவின் குரல்.

"அவரு பாஷையிலதான் சொன்னேன்," என்றாள் கதவைப் பார்த்து.

செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி, தெருவில் கார் கிளம்பிப் போன பிறகும் அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.