களி வேகிற நேரம்

என் புருஷன் மூக்கன் ஒல்லி. அதற்கு நான் என்ன செய்ய? பானை பானையாகத் தின்பார். அதெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊருக்கு மட்டும் தெரியும்: ராக்காயி புருஷனுக்குச் சோறு போடுவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

யுத்தம் வருவதற்கு முந்தின வருடம், பங்காளி வீட்டு நாகராசு பினாங்கிலிருந்து வந்தான். எனக்குக் கொழுந்தன் முறை. இரண்டு இரும்புக் குண்டுகளையும் அவற்றைத் தூக்கித் தூக்கி வளர்த்த புஜங்களையும் கொண்டுவந்தான். வந்த வாரமே அம்மன் சப்பரத்தின் முன்தண்டு தனக்கு வேண்டும் என்றான். அது என் மாமனார் தோள் கொடுத்த தண்டு. அவருக்குப் பின் என் புருஷனுடையது. அது போனால் இந்த ஊரில் எங்களுக்கென்று வேறு ஒரு மரியாதையும் கிடையாது.

ஊர்த் தலைவரான அம்பலம் சிவசாமி, கோயில் வாசலில் கிடந்த உருண்டைக் கல்லைக் காட்டினார். நாகராசு அதைத் தோளுக்கு ஏற்றிக் கீழே போட்டான். என் புருஷனுக்கு முழங்காலுக்கு மேல் வரவில்லை. ஆண்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்லத் தூக்குன ஒடனே கீழ போட்டாச்சு. சப்பரத்தையும் அப்படிப் போடுவீங்களா? நாலு வீதியும் சுத்தி வர்ற வரைக்கும் தரையில படக் கூடாதுல்ல? தேங்கா ஒடைக்கிற வாசல்லயெல்லாம் தோள்லயே வச்சுக்கிட்டு நிக்கணும்ல? அதுக்கு இந்தக் கல்லு என்னத்தச் சொல்லும்?" என்றேன்.

"பொம்பள பேசுற எடமா இது? இந்தத் திருவிழாவுல ராக்காயி கைக்குத் துன்னூறு கெடையாது" என்றார் அம்பலம்.

ஆனாலும் என் கேள்வி அவரைக் குத்தியிருக்க வேண்டும். இருவரும் முன்தண்டில் ஆளுக்கொரு பக்கம் நிற்கட்டும், மாற்று ஆள் கேட்காதவனுக்கே இனித் தண்டு என்று முடித்தார்.

திருவிழாவுக்கு நாற்பது நாள் இருந்தது. நாகராசு பெரிய குண்டை ஐந்து தரம் தூக்குவான், உட்கார்ந்து நன்றாக இளைப்பாறுவான், மறுபடியும் ஐந்து. முட்டை, ஈரல் என்று தின்பான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. தசை வளர அதுதான் வழி. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது புஜம் இல்லை. தோள் மரத்துப்போனாலும் கால் நடுங்கக் கூடாது.

அதனால் கனத்தைக் குறைத்தேன், நேரத்தைக் கூட்டினேன். அரை மூட்டை மணல். அதைச் சுமந்துகொண்டு ஊருணிவரை போய் வர வேண்டும். முதல் வாரம் மூன்று நடை, பிறகு வாரத்துக்கு ஒன்று கூடுதல். மூச்சு அடங்குவதற்குள் அடுத்த நடை. சாயங்காலம் அடுப்பில் கேப்பைக் களி ஏறும்போது மூட்டையும் தோளில் ஏறும். களியை இறக்கும்வரை அசையக் கூடாது.

"ஏ புள்ள, வெந்துருச்சா?"

"இன்னும் இல்லங்க."

வெந்து நெடுநேரம் ஆகியிருக்கும். பாதி நாள் அடிப்பிடித்த களியைத்தான் தின்றோம்.

திருவிழா அன்று மூன்றாம் வீதியில் குடியிருந்த சொர்ணவல்லி பதினொரு தேங்காய் நேர்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக உடைத்தாள். ஏழாவது தேங்காயில் நாகராசின் முழங்கால் ஆடியது. ஒன்பதாவதில், "மாத்து ஆளு வாங்கப்பா" என்றான். முகம் செத்துப்போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

கோயில் வாசலுக்கு வந்ததும், "தண்டு மூக்கனுக்குத்தான். எறக்குங்கப்பா" என்றார் அம்பலம்.

என் புருஷன் இறக்கவில்லை. முன்தண்டு தாழாமல் மற்றவர்கள் இறக்கினால் அம்மன் சரிந்துவிடும். சப்பரம் தூக்கிய எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள்.

"ராக்காயி கையில துன்னூறு குடுங்க. அப்பறம் எறக்குறேன்" என்றார் அவர்.

"வெளையாடுறியாடா?"

"நீங்க நிதானமா யோசிங்க. நான் நிக்கிறேன்."

பின்தண்டிலிருந்து ஒருவன் முனகினான்: "அம்பலாரே, தோளு கழண்டுரும் போல. குடுத்துத் தொலைங்க."

என் புருஷன் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, வெந்துருச்சா?"

"இன்னும் இல்லங்க" என்றேன்.

அம்பலம் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார்.