நாற்பத்து மூன்றாம் நம்பர் தகரத் துண்டு

சின்னமுத்துவுக்குச் சீட்டு வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முசிறியை விட்டுக் கிளம்பி, மண்டபம் முகாமில் டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டி, கடல் தாண்டி இலங்கைக் கரையான தலைமன்னாரில் இறங்கியவன். வழியில் வாங்கிய சீட்டையெல்லாம் வேட்டி முந்தியில் முடிந்து, நிமிஷத்துக்கு ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். கண்டியில் இறங்கி மாத்தளைக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது வரைக்கும் மனப்பாடம்.

மாத்தளையில் அவன் அக்கா பேச்சியம்மா இருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதாவது? எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கப்பலேறியபோது இவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. இப்போது இடுப்பில் ஒரு ஜோடிப் பொன் தோட்டைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷனாகப் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்து ஆவணி மாசம், புதன்கிழமை காலை. கையில் இரண்டு நாள் இருந்தது.

கடுகண்ணாவையில் வண்டி நின்றபோது மலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. எதிரில் இருந்தவன் போர்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்து ஆள். தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குக் காசுச் சீட்டு கிடையாது. தோட்டத்தின் எழுத்தும் ஆளின் நம்பரும் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். அதைக் காட்டினால் போதும், செலவு தோட்டத்தோடு. அவன் அந்தத் துண்டைக் கழற்றிச் சின்னமுத்துவின் கையில் வைத்தான்.

"இத கொஞ்சம் வச்சிருங்க தம்பி. தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்."

கை பட்ட இடம் சில்லென்றிருந்தது. அவன் பனிக்குள் இறங்கிப் போனான். வண்டி கிளம்பியும் வரவில்லை. பக்கத்தில் இருந்த கிழவரிடம், "எதிர இருந்தவர் வண்டிய விட்டுட்டாரே" என்றான் சின்னமுத்து. "எதிர யாருப்பா இருந்தா? பொல்காவலையிலேருந்து நீ தனியாத்தான வர்ற" என்றார் அவர். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டான். அடுத்தவன் பொருள், தொலைத்துவிடக் கூடாதென்று துண்டைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

கண்டி ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புச் சன்னலில் காசை நீட்டி, "மாத்தளைக்கு ஒண்ணுங்க" என்றான். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இவன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார்.

"துண்டு போட்ட ஆளுக்குக் காசுச் சீட்டு என்னத்துக்கு? அங்காலை உங்கட கங்காணி நிக்கிறார், போம்."

"இது என்னுது இல்லிங்க."

"ஓம் ஓம். பின்னுக்குச் சனம் நிக்குது, தள்ளும்."

சன்னலுக்கு அப்பால் தலைப்பாகை கட்டிய கங்காணி ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாப்பத்தி மூணு, வீரையா." சின்னமுத்து துண்டைத் திருப்பிப் பார்த்தான். நாற்பத்து மூன்று. அப்பாடா, ஒப்படைத்துவிடலாம் என்று கையைத் தூக்கி, "இங்க இருக்குங்க" என்று குரல் கொடுத்தான். துண்டு இருக்கிறது என்றுதான் சொன்னான், பாவம். கங்காணி அந்தப் பேருக்கு நேரே, ஆள் வந்தாச்சு என்று ஒரு கோடு இழுத்தார்.

நடந்ததை எல்லாம் சொன்னான். கங்காணி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "சரி, தோட்டத்துக்கு வந்து வீரையா பொஞ்சாதிகிட்ட நீயே குடுத்துட்டுப் போ. வத்தேகமயில எறங்கணும். மாத்தளைக்கும் அதே வண்டிதான்." நியாயமாகத்தான் பட்டது. பாதி வழிக்குச் சீட்டுக் காசும் மிச்சம். ஓசி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில், கடைசிக் காம்பரா அறையில் வீரையாவின் பெண்சாதி ரத்தினம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். துண்டைப் பார்த்ததும் ஊதுவதை நிறுத்தினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மணையை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"கடுகண்ணாவையில தண்ணி குடிக்க எறங்கினாரா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு செத்து நாலு வருசமாச்சுங்க. ஊருக்குப் போயிட்டு வர்றப்ப, அந்த வண்டியிலயே காய்ச்சல் கண்டு. தண்ணி தண்ணின்னு கேட்டாராம், யாரும் குடுக்கலையாம். தோட்டத்துக்கு வந்து சேராத ஆளு. அதான் பேரை இன்னும் அடிக்கல. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க." சுவரைக் காட்டினாள். ஆணியில் இரண்டு தகரத் துண்டுகள் தொங்கின. இரண்டிலும் நாற்பத்து மூன்று.

சின்னமுத்து வாசல் பக்கம் திரும்பினான். அங்கே இரண்டு ஆண்கள் ஒரே மாதிரி குந்தியிருந்து, ஒரே மாதிரி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல இருக்கவரு மதுரைப் பக்கம். மத்தவரு சேலம். வேலைக்கு வந்தவங்க இல்ல, ஒங்கள மாதிரி சொந்தக்காரங்கள பாக்க வந்தவங்க. மொதல்ல ரொம்ப அழுதாங்க. இப்ப யாரு கேட்டாலும் பேரு வீரையான்னுதான் சொல்றாங்க."

சின்னமுத்து துண்டைப் பிடுங்கிக் கழற்றினான். சிக்கலே இல்லாமல் கழன்று வந்தது. அது எளிதாக வந்ததுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அத கழட்டறது ஒண்ணுமில்லிங்க" என்றாள் ரத்தினம்மா. "கண்டியில பேரு கூப்பிட்டப்ப பதில் குடுத்தீங்களா?"

அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, கழுவி வைத்த இரண்டு தட்டுகளோடு இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

அப்படியே எழுந்து ஓடினான். ஸ்டேஷன் வரைக்கும் மூச்சு வாங்க ஓடி, சன்னலில் காசை வைத்தான். எந்த ஊருக்கு என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். அக்கா இருக்கும் ஊர். காலையில்கூடச் சொன்ன ஊர். நாக்கின் நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். காசை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்று, யோசித்து யோசித்துப் பார்த்தான். பொழுது சாயும்போது, வழி தெரிந்த ஒரே இடம் தோட்டமாக இருந்தது.

வியாழக்கிழமை தன் ஊர்ப் பெயர் போயிற்று. வெள்ளிக்கிழமை இன்றைக்கு ஏதோ செய்ய வேண்டுமே என்று நாள் பூராவும் அரித்தது, என்னவென்று தெரியவில்லை. இடுப்பில் தோடு ஏன் இருக்கிறதென்றும் தெரியவில்லை. சாயங்காலம் அதை ரத்தினம்மாவிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு அழுதாள். சனிக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை "வீரையா" என்று கூப்பிட்டபோது மூன்று குரல் பதில் சொன்னது. நாமும் இனி அவனை வீரையா என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பேர் சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி லயத்து வாசலுக்கு வந்தாள். கால் இரண்டும் முழங்கால்வரை சேறு.

"முசிறியிலேருந்து என் தம்பி வந்திருக்கான். சின்னமுத்துன்னு பேரு. வத்தேகமயில எறங்கி, தோட்டத்து ஆளுங்களோட போனதா சொன்னாங்க. ஏறாத தோட்டமில்ல. யாராச்சும் பாத்தீங்களா?"

மூன்று வீரையாக்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரத்தினம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவள் மூவரில் இளையவனின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கிட்டே வந்தாள். மீசையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"தம்பி, ஒங்க பேரு என்னா?"

அவளைப் பார்க்க அவனுக்கு மனசு என்னவோ செய்தது. எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். எந்தத் தம்பியோ, எங்கே போய்த் தொலைந்தானோ, கூடப்பிறந்தவளை இப்படி அலைய விட்டுவிட்டு.

"வீரையாங்க" என்றான். "நீங்க சொல்ற ஆளு இங்க யாருமில்லிங்களே." பிள்ளை அவனிடம் தாவப் பார்த்தது. அவன் எழுந்து உள்ளே போய், அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.