மாதா சுவரும் முப்பத்திரண்டு ஆம்பியரும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் சாமியார் வந்து எங்கள் புதுவீட்டை மந்திரிக்க இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டு, அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுந்து நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சுகள் உள்ள பெட்டியைத் திறந்தேன்.

சமையலறை பிளக்குகளுக்கு வளைய வயரிங் போடச் சொன்னது குவைத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மரிய ஆனந்த். பெட்டியிலிருந்து கிளம்பும் வயர் ஒவ்வொரு பிளக்காகப் போய்ப் பெட்டிக்கே திரும்ப வேண்டும். மின்சாரம் இரண்டு வழியாகப் பிரிவதால், இரண்டரை சதுர மி.மீ. வயருக்கு முப்பத்திரண்டு ஆம்பியர் எம்.சி.பி. போடலாம்.

இரண்டு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். வளையம் முழுதாக இருந்தால் பீப் சத்தம் வர வேண்டும். வரவில்லை. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். கத்தியது. மீட்டரில் குறை இல்லை.

"என்ன பாப்பா, பிசிக்ஸ் பிராக்டிகலா?" எலக்ட்ரீஷியன் வெங்கடாசலம் ஏணியிலிருந்து கேட்டார்.

அவரிடம் எனக்குப் பேச வராது. டீயைக்கூட ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

"வளையம் சேரலைங்கண்ணா. நடுவுல அறுந்திருக்குது."

அவர் இறங்கி வந்தார். "அறுவல. நான்தான் நிறுத்திட்டேன். நடுச்சுவத்துல மாதா மாடம் வருதுன்னு உங்கப்பா சொன்னாரு. சாமி சுவத்துல எப்படி உளி வெக்கறது?"

மாதா சிலை வைக்கப்போகும் மாடத்தின் நீல டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "நான் கொத்தாதன்னா சொன்னேன்?"

"மாடம்னு சொன்னா போதாதுங்களா? எல்லா பிளக்குலயும் கரண்ட் வருது, அப்புறம் என்ன?"

"வருதுங்க. ஆனா இந்தப் பக்கம் இண்டக்ஷன், ஓவன், கெட்டில். மூணும் ஒண்ணா ஓடுனா இருபத்தாறு ஆம்பியர். இப்ப அத்தனையும் ஒரே வயர்ல போவும். முப்பத்திரெண்டு எம்.சி.பி. விழாது. வயர்தான் சுவத்துக்குள்ள சூடாவும்."

அப்பாவின் கை டைல்ஸ்மேல் அப்படியே இருந்தது. "அப்ப மாடத்த இடிக்கணுமா அருளு?"

"வேணாம்பா. வளையமே வேணாம். ரெண்டு முனையும் தனித்தனியா இருக்கட்டும், முனைக்கு ஒரு இருபது ஆம்பியர் எம்.சி.பி. பெட்டியில ஒரு இடம் காலியாத்தான் இருக்குது. ஓவன அந்தப் பக்கம் வெச்சுக்கலாம்."

"உங்கம்மா மறந்து இங்கயே மூணையும் போட்டா எம்.சி.பி. விழுந்துரும் பாப்பா."

"விழட்டும்ங்கண்ணா. விழறதுக்குத்தான் அது."

அவர் சிரித்தார். "எதுக்கும் குவைத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமா?"

"கேளுங்க. அண்ணனும் இதையேதான் சொல்லுவான்."

அவர் போனை எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளி கடைக்குப் போனார். அரை மணி நேரத்தில் இரண்டு இருபது ஆம்பியர்களோடு திரும்பி வந்து மாட்டினார். மெயினைப் போட்டு, இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று பிளக் இதற்கு, மூன்று பிளக் அதற்கு. சரியாக இருந்தது.

ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டவர் தலையைச் சொறிந்தார்.

"மேல் மாடியிலயும் அதே சுவருதான பாப்பா வருது. அங்கயும் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன்."

மெயினை மறுபடி அணைத்தேன். மீட்டரை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படியேறினேன்.