முதல் எண் இல்லாத கோப்பு

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் சுபலட்சுமி நூற்று எண்பது கோப்புகளை அடையாளம் கண்டிருந்தாள். இன்னும் நூற்று அறுபது மிச்சம். எதற்கும் பெயர் கிடையாது.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது மார்ட்டினின் கடை. பிரிண்டர் பழுது பார்ப்பார்கள். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கில் கிடைப்பதை மீட்டுக் கொடுப்பார்கள். மீட்கும் கோப்புகள் வெள்ளத்தில் அடித்து வந்த சாமான்கள் மாதிரி ஒதுங்கும். எது யாருடையது, எந்த வகை என்று ஒன்றும் தெரியாது. அவற்றைப் பிரித்து வைப்பது சுபாவின் வேலை.

அதற்கு ஒவ்வொரு கோப்பிலும் முதல் சில எண்களைப் பார்த்தால் போதும்; கம்ப்யூட்டர் எண்களில் A முதல் F வரை எழுத்தும் கலந்து வரும். எந்த மென்பொருளும் தொடக்கத்தில் தன் குறியை வைத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். 25 50 44 46 என்றால் பி.டி.எஃப். FF D8 என்றால் புகைப்படம். 25 21 என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், அதாவது அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தை வரைந்து சொல்லும் மொழி. 1B என்று தொடங்கினால் அது இயந்திரத்துக்கே நேராகப் போகிற கோப்பு. 1B தாளில் விழாத எழுத்து. 'இனி வருவதை அச்சடிக்காதே, கட்டளையாகக் கேள்' என்று இயந்திரத்தின் காதில் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

"என்ன ஜோசியரம்மா, எத்தனை பேருக்கு ஜாதகம் பாத்தாச்சு?" என்றார் மார்ட்டின், ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டபடியே.

"பாதி ஆச்சு சார். உங்களுக்கும் பாக்கவா?"

"வேணாம் தாயே. எனக்கு நேரம் சரியில்லன்னு என் பொண்டாட்டி சும்மாவே சொல்லிட்டா."

சுபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேஜைமேல் இருந்த கைபேசியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த அழைப்பும் இல்லை. அவள் அப்பா சின்னையா பக்கவாதம் வந்து விழுந்து இன்றோடு ஒன்பது நாள். உறையூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடந்தார். உள்ளே போக ஒரே ஒரு பாஸ். அதை அண்ணன் ரஞ்சித் வைத்திருந்தான். சுபா முதல் நாள் மட்டும் பார்த்தாள். அதன்பிறகு எப்போது கேட்டாலும், "நீ வந்து என்ன பண்ணப் போற? செவ்வாக்கெழமைக்கு மேல பாத்துக்கலாம்" என்பான்.

செவ்வாய்க்கிழமை வைகுண்ட ஏகாதசி. இந்தக் கோப்புகளுக்கும் அதுதான் அவசரம். ஸ்ரீரங்கத்தில் பரக்கத் அலி பாயின் டிஜிட்டல் அச்சகத்தில் புதன்கிழமை கம்ப்யூட்டர் நின்றுபோனது. அன்னதான நோட்டீஸ், வரவேற்பு பேனர் எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டன.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பில் அவள் நின்றாள்.

25 என்று தொடங்கியது. சரி, பி.டி.எஃப் என்று கை தானாக நகர்ந்தது. ஆனால் அடுத்த எண் 50 இல்லை, 21-உம் இல்லை. 2D. அதன்பின் 31 32 33 34 35. அப்படித் தொடங்கும் கோப்பு வகை எதுவும் அவளுக்குத் தெரியாது. மென்பொருளும் 'அறியாத வகை' என்று கைவிரித்தது. ஆனாலும் அந்த வரிசையை எங்கோ பார்த்திருக்கிறாள். கண்ணை மூடி ஒருமுறை முணுமுணுத்தாள். பிடிபட்டது. இயந்திரத்துக்குப் போகும் கோப்பில் 1B-க்கு அடுத்து வருகிற வரிசை இது. இதில் அந்த 1B மட்டும் இல்லை. யாரோ முதல் எண்ணைக் கிள்ளி எறிந்திருக்கிறார்கள்.

ஒரு நகல் எடுத்து, அதன் முன்னால் 1B என்று தட்டினாள். கோப்பு திறந்தது.

கறுப்புக் கரை கட்டிய போஸ்டர். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருமண்ணுமாக அவள் அப்பா. போன வைகாசியில் அத்தை மகன் கல்யாணத்தில் எடுத்த படம். அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் வெட்டாமல் விட்ட பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது. அந்தப் புடவை சுபாவுடையது.

கீழே: தோற்றம் 12.6.1954. மறைவு 30.12.2025.

அவள் சுவர் நாள்காட்டியைப் பார்த்தாள். இன்று இருபத்தேழு. முப்பதாம் தேதி செவ்வாய்.

மனசு முதலில் சமாதானம்தான் தேடியது. அஞ்சலி போஸ்டரை எந்தக் கடையிலும் புதிதாக வடிவமைப்பதில்லை. பழையதை எடுத்துப் படத்தை மாற்றுவார்கள், பெயரை மாற்றுவார்கள், தேதியை மாற்றுவார்கள். அவசரத்தில் ஏதாவது ஒன்று பழையதாகவே நின்றுவிடும். போன மாதம் ஒரு காதணி விழா பேனரின் அடியில் 'ஆழ்ந்த வருத்தத்துடன் குடும்பத்தார்' என்று வந்து ஊரே சிரித்தது. இதுவும் அந்த மாதிரி இருக்கலாம். ஆனால் இன்னும் வராத தேதி எந்தப் பழைய போஸ்டரில் இருந்திருக்கும்?

பரக்கத் அலிக்குப் போன் செய்தாள்.

"சின்னையான்னு ஒரு அஞ்சலி போஸ்டர் பாய். யாரு கொடுத்தது?"

"அதுவா தங்கச்சி... அது கெடைக்காட்டியும் பரவால்ல, விட்ருங்க."

"யாரு கொடுத்ததுன்னு சொல்லுங்க பாய். அவரு எங்கப்பா."

"யா அல்லாஹ்," என்றார். "உங்கண்ணன்தாம்மா. ரஞ்சித் தம்பி. போன திங்கக்கெழமை வந்துச்சு. அப்பா தவறிட்டாரான்னு கேட்டேன். இல்ல பாய், ஏகாதசியன்னிக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு கடையும் வேலை எடுக்காது, முன்னாடியே அடிச்சு வச்சுக்கிறேன்னுச்சு. தேதியும் தம்பி சொன்னதுதான். எனக்கு மனசே ஒப்பல. புதங்கெழம போன் பண்ணி நூறு வேணாம், எரநூறா போடுங்கன்னுச்சு. நான் அந்த ஃபைலத் தெறந்து நம்பர மட்டும் மாத்தினேன். முன்னாடி ஒரு குட்டிக் கட்டம் மாதிரி இருந்துச்சு, ஏதோ குப்பைன்னு அழிச்சுட்டேன். அனுப்பினா மிஷின் உங்கப்பா படத்துக்குப் பதிலா என்னென்னமோ கிறுக்கிக் கிறுக்கி அறுவது தாளு தள்ளிருச்சும்மா. கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டரும் போச்சு. அடிக்க வேண்டாம்னு படைச்சவன் சொல்றான்னு நெனச்சுக்கிட்டேன்."

மார்ட்டினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

வாசலில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார். அவள் நின்ற நிலையைப் பார்த்து, உள்ளேயிருந்து நர்ஸ் செல்வமேரி வந்து, "அஞ்சு நிமிஷம்" என்று கூட்டிப்போனாள்.

அப்பா பாதியாகிவிட்டிருந்தார். சொந்த ஊரான துறையூரில் வெங்காய மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி காந்தி மார்க்கெட் லாரியில் போட்ட தோள் அது. பக்கத்தில் கருவி அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சீரான, அவசரமே இல்லாத மூச்சு. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவளிடம் மட்டும் மறைப்பது போல அது ஒலித்தது.

"நேத்துலேருந்து அவரே மூச்சு இழுக்கப் பாக்குறாரு," என்றாள் செல்வமேரி. "மிஷின் பாதிதான் செய்யுது. புதன்கிழமை கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குள்ள உங்க வீட்ல..."

"எங்க வீட்ல?"

"உங்களுக்குத் தெரியாதா? செவ்வாக்கிழமை விடியக்காலைல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா உங்க அண்ணன் எழுதிக் கொடுத்துட்டாரே. ஆம்புலன்ஸ்கூடச் சொல்லியாச்சு. வீட்டுக்குப் போனா குழாய எடுத்துருவாங்க. இப்ப எடுத்தா தாங்க மாட்டாருங்க."

சுபா அப்பாவின் வலது கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. "அப்பா, நான் சுபா. கொணமாகி ஊருக்குப் போலாமாப்பா? போலாம்னா கைய அமுக்குங்க."

கருவி இரண்டு மூச்சு விட்டது. மூன்றாவதில் சுட்டுவிரல் அவள் உள்ளங்கையில் அமுங்கியது. குழந்தை அமுக்குவதைவிடக் குறைந்த பலம்தான். ஆனால் அமுங்கியது.

வெளியே வந்தபோது ரஞ்சித் வராந்தாவில் நின்றிருந்தான். தாடியோடு, ஒன்பது நாள் தூங்காத கண்ணோடு.

"போஸ்டரப் பாத்தேன்," என்றாள்.

அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "உக்காரு சுபா. சண்ட போடாத, இது ஆஸ்பத்திரி. நாப்பது வருஷம் சொர்க்கவாசல் மிதிச்ச மனுசன் அவரு. ஏகாதசியன்னிக்குப் போனா கதவு தெறந்தே கெடக்கும், தட்ட வேண்டியதில்லன்னு எத்தன தடவ சொல்லிருக்காரு? பொழச்சாலும் படுக்கதான். மோட்டுவளையப் பாத்துக்கிட்டு அஞ்சு வருஷம் கெடக்கணுமா? நான் அவருக்கு நல்லதுதான் பண்றேன்."

"அவரு வெளையாட்டுக்குச் சொன்னதுண்ணா அது. சொல்லிட்டு அடுத்த வாரமே வெதை வெங்காயம் வாங்கப் போவாரே, மறந்துட்டியா? இப்பக்கூட விரல அமுக்கினாரு."

"அது நரம்பு துடிக்கிறது."

"மூச்சு இழுக்குறாரு. சிஸ்டர் சொல்றாங்க."

"சிஸ்டரா வந்து பீ மூத்திரம் அள்ளப்போறாங்க?" குரலை உடனே தாழ்த்திக்கொண்டான். "கையெழுத்து போட்டாச்சு. நீ கல்யாணமும் வேணாம்னுட்டு வந்து நிக்கிறவ, ஒம் பேச்ச ஊர்ல எவனும் கேக்க மாட்டான். அத்தைக்கிட்ட ஏதாவது ஒளறி வச்சிராத."

ஊரைப் பற்றி அவன் சொன்னது சரியாகவே இருந்தது. சுபா மாடிப்படியில் நின்று துறையூருக்குப் போன் போட்டாள். அப்பாவின் தங்கை பொன்னுத்தாய் அத்தைதான் அந்த வீட்டின் பெரிய தலை. அவள் வந்து நின்றால் ரஞ்சித் எதிர்த்துப் பேச மாட்டான்.

"இப்பத்தானேடி ரஞ்சித் பேசுனான்? அண்ணன் தேறிட்டாரு, செவ்வாக்கெழம வீட்டுக்கு வர்றாருன்னான். நல்ல சேதி சொல்ற நேரத்துல நீ ஏண்டி ஒப்பாரி வெக்கிற? அவன்மேல ஒனக்கு என்ன அப்படி ஒரு காந்தல்?"

"அத்தை, நான் சொல்றத..."

"வையி போன. களையெடுக்க ஆளு வந்துருச்சு."

செல்வமேரி கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். "உங்க சொந்தத்துல பெரியவங்க நாலு பேரு வந்து வேணாம்னு நின்னா, டாக்டர் அனுப்ப மாட்டாருங்க. தனியா உங்க பேச்சு எடுபடாது."

பஸ்ஸில் திரும்பும்போது சுபா உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். விரல் அமுங்கிய இடத்தில் எந்தத் தடமும் இல்லை. துறையூர்க்காரர்களை அவளுக்குத் தெரியும். நல்லா இருக்கார் என்றால் நம்புவார்கள், மோசமாக இருக்கார் என்றால் சந்தேகப்படுவார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கறுப்புக் கரையோடு ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால், களையெடுப்பைப் போட்டுவிட்டு அப்படியே வண்டி ஏறுவார்கள். சுவரில் இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கடையில் திரை அணைந்திருந்தது. தொட்டதும் அப்பா வந்தார். அவள் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவர் முகத்தைச் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும்? பார்க்கிறவர்கள் எல்லாம் கும்பிடுவார்கள். அத்தனை பேர் போய்விட்டார் என்று நினைத்த பிறகு, மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? முட்டாள்தனமான பயம்தான்.

நகலைச் சேமிக்காமல் விட்டால் கோப்பு மறுபடி வெறும் குப்பை. இயந்திரம் கிறுக்கித் தள்ளும். செவ்வாய்க்கிழமை சத்தமில்லாமல் வந்து போகும்.

சேமித்தாள். பரக்கத் அலிக்கு அனுப்பினாள்.

"தங்கச்சி, தேதிய மாத்தாம அனுப்பிருக்கீங்களே?" என்றார் அவர் போனில்.

"மாத்தாதீங்க பாய். அப்படியே எரநூறும் அடிங்க. பாதிய இன்னிக்கே துறையூருக்குக் கொடுத்து விடுங்க. பஸ் ஸ்டாண்டு, பால் சொசைட்டி, எங்க தெரு, எல்லா இடத்திலயும் ஒட்டணும்."

"உசுரோட இருக்குற மனுசனுக்கும்மா..."

"அதான் பாய். இருக்கும்போதே ஒட்டணும்."

"பக்கத்துக் கடை கம்ப்யூட்டர்ல போட்டு அடிச்சு, ஆளு அனுப்புறேன்," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போஸ்டரைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனாள்; அவள் இறங்கிய நிறுத்தத்திலேயே சுவரில் அப்பா இருந்தார். பசை இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. பூக்காரி ஒருத்தி நின்று பார்த்து, ஒரு கண்ணி மல்லிகையைக் கிள்ளி போஸ்டரின் விளிம்பில் செருகிவிட்டுப் போனாள். சுபா அதைப் பிடுங்கி எறியக் கை நீட்டினாள். அப்போது பின்னால் நின்ற ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஞாயிறு, திங்க, செவ்வா... என்னடா இது, நாளான்னைக்குச் சாவப்போறவனுக்கு இன்னைக்கே ஒட்டிருக்கானுக?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது போன் அடித்தது. பொன்னுத்தாய் அத்தை. குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏண்டி, இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே?"

"ஆமா அத்தை."

"எங்கண்ணன் இருக்காரா?"

"இருக்காரு. விரல அமுக்கினாரு."

"அப்ப இந்தத் தேதிய வச்சது யாரு?"

"ரஞ்சித் அண்ணன்தான்."

அந்தப் பக்கம் பஸ் எஞ்சின் உறுமியது. பெண்கள் பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். "ஏறுங்கடி எல்லாரும்," என்றாள் அத்தை யாரிடமோ. இணைப்பு துண்டானது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ரஞ்சித் காத்திருந்தான். சுவரிலிருந்து பிய்த்த ஒரு போஸ்டர் அவன் கையில் சுருண்டிருந்தது. பசை முழங்கைவரை ஒழுகியிருந்தது. அதன் மடிப்பில் அப்பாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"நீதானா?" என்றான். கத்தவில்லை. கத்தக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

"எல்லாம் நீ கொடுத்ததுதாண்ணா. நான் முன்னாடி ஒரு எழுத்துதான் போட்டேன்."

அவன் அவளைத் தாண்டி படிக்கட்டைப் பார்த்தான். துறையூர் பஸ் வந்துசேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். சுபா அவனுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். கதவில் தரைவரை இருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவி மூச்சு விட்டது. அடுத்த மூச்சுக்கு முன் நின்றது. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு.

பிறகு, கருவியின் சத்தம் இல்லாமலே, அப்பாவின் நெஞ்சு ஒருமுறை தானாக ஏறியது.