ஜுசாராவின் பொருத்தனை

கதவைத் திறந்த ஜுசாரா அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் மழையில் நனைந்தபடி அவள் புருஷன் அடெலினோ. அவன் இரண்டு பக்கமும் இரண்டு சூட்கேஸ். பின்னால் ஒரே குடைக்குள் பாஸ்டர் ஒசியேலும் அவர் மனைவி டல்வாவும். டல்வாவின் கையில் மக்காச்சோள மாவு கேக், ஈரம் படாமல் துண்டு போட்டு மூடியிருந்தது.

"சிஸ்டர் ஜுசாரா! கர்த்தர் கொண்டுவந்து சேத்துட்டாரு பாருங்க!" என்றார் பாஸ்டர். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

ஓடிப்போன புருஷன் வீடு திரும்பினால் மனைவி பூரித்துப் போக வேண்டும் என்பது சபையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டம் நாட்டில் ஒன்று இருந்தது. அதன்படி பார்த்தால், இந்த இரண்டு சூட்கேஸும் வீட்டுக்குள் வந்தாலும் ஆபத்து, வராமல் திரும்பிப் போனாலும் ஆபத்து.

"உள்ள வாங்க, நனையுறீங்க" என்றாள். வேறென்ன சொல்ல?

அயர்லாந்தின் ராஸ்காமன் ஊரில் இருக்கும் பிரேசில்காரர்களில் பாதிப் பேர் மாட்டிறைச்சித் தொழிற்சாலையை நம்பி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டயர் கடைக்குப் பின்னாலிருக்கும் சபைக் கூடத்தில் அவர்கள் பாடும் பாட்டு மெயின் ரோடு வரை கேட்கும். ஜுசாராவும் அங்கே பாடுகிறவள்தான். வார நாட்களில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சோறூட்டுவது அவள் வேலை. அடெலினோ போர்ச்சுகல்காரன், ஐரோப்பிய பாஸ்போர்ட் உள்ளவன். அவனைக் கட்டிக்கொண்டதால்தான் அவளுக்கு அயர்லாந்தில் இருக்கவும் வேலை பார்க்கவும் அனுமதி. அந்த அனுமதி போனால் பிரேசிலில், அனாபொலிஸில் தம்பி வீட்டுப் பின்கட்டுதான். வாழாவெட்டியாகத் திரும்பிய அக்காவுக்குத் தம்பி மனைவி என்ன மரியாதை தருவாள் என்று அவளுக்குத் தெரியாததல்ல.

அடெலினோ அவளை விட்டு, புருவம் திருத்தும் கடை வைத்திருந்த லுவானாவின் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன புதிதில் ஜுசாரா மருந்துக்கடை மாடியில் இருந்த வக்கீலம்மா கில்ஹூலியைப் பார்க்கப் போயிருந்தாள்.

"விவாகரத்து ஆனாலும் நீங்க இங்க இருக்கலாம். கேஸ் போடும்போது கல்யாணம் ஆகி மூணு வருஷம் தாண்டியிருக்கும், உங்களுக்கு வேலையும் இருக்கு" என்றார் வக்கீலம்மா. "ஆனா ஒண்ணு. கேஸ் போடுற அன்னிக்கு அவர் இந்த நாட்டுல குடியிருந்து வேலை பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு முன்னாடி அவர் நாட்டை விட்டுப் போயிட்டா, உங்க உரிமையும் அவர் கூடவே போயிடும்."

"அப்ப இன்னிக்கே கேஸ் போடுங்க மேடம்."

"முடியாதேம்மா. பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆனாத்தான் இங்க விவாகரத்துக்கே போக முடியும்."

"நடுவுல அவன் கிளம்பிட்டா?"

வக்கீலம்மா பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "அவர் உங்களை அடிச்சதுண்டா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"சோம்பேறி மேடம் அவன். கையை ஓங்கக்கூட மாட்டான்."

"அடிச்சிருந்தா வேற ஒரு வழி இருக்கு. அதுக்காகக் கேட்டேன்" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழ, முகம் சிவந்து ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஜுசாராவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. நேரே போய் அடெலினோவிடமே விஷயத்தைச் சொன்னாள். "இங்கேயே இரு. அது போதும். வேற ஒண்ணும் கேக்கல." அவன் சரி என்றான். அன்றிலிருந்து ஓடிப்போன புருஷனை ஊரை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகமும் அவள் தலையில் விழுந்தது.

அது லேசான உத்தியோகமல்ல. அவன் தொழிற்சாலையில் மேஸ்திரியோடு சண்டை போட்டு ஏப்ரனைக் கழற்றி எறிந்தால், இவள் மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நிற்பாள். லுவானா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், இவள் போய்ச் சமாதானம் பேசுவாள்.

"உங்களுக்கு வெக்கமே இல்லையாக்கா?" என்று லுவானா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இருக்கு. கேஸ் போட்டதும் எடுத்து வெச்சுக்கறேன்."

லுவானாவே சிரித்துவிட்டாள். ஞாயிறுதோறும் கறுப்புப் பீன்ஸும் பன்றியிறைச்சியும் போட்டு வேகவைத்த குழம்பு ஒரு சட்டி நிறைய அந்த வீட்டுக்குப் போகும். சோறு ருசியாக இருந்தால் மனுஷன் ஊர் மாற யோசிப்பான் என்று ஜுசாரா கணக்குப் போட்டாள்.

அந்தச் சட்டியைச் சபை பார்த்தது. "ஓடிப்போனவனுக்கும் சோறு அனுப்புறாளே, என்ன பொறுமை!" என்று டல்வா உருகினாள். ஒரு பெண் பொறுமையாக இருக்கிறாள் என்றால் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். வேறு எதற்காவது காத்திருப்பாள் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அடெலினோ வீடு திரும்ப வேண்டுமென்று சபை மொத்தமும் உபவாச ஜெபம் ஆரம்பித்தது. ஜெபம் பண்ணாதீர்கள் என்று கூடத்தின் நடுவில் நின்று யாரால் சொல்ல முடியும்? அவளும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேஸ் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது லுவானா அவனை ஒரேயடியாகத் துரத்திவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் சூட்கேஸோடு உட்கார்ந்திருந்தவனைப் பாஸ்டர் கண்டுபிடித்தார்.

கேக்கைத் தின்று, காப்பி குடித்து, தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் பாஸ்டரும் டல்வாவும் போனார்கள். ஜுசாரா ஒரு போர்வையை எடுத்து சோபாவில் போட்டாள்.

"சோபாவா?" என்றான் அடெலினோ. "பாஸ்டர் நம்மள சேத்து வெச்சிட்டுப் போயிருக்காரு."

"நாம சேந்தா ரெண்டு வருஷமும் வீணாப்போயிடும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். வேண்டாம்னா சொல்லிடு ஜு. லக்ஸம்பர்க்ல என் மாமா பையன் கட்டட வேலைக்குக் கூப்பிடுறான். நாளைக்கே ஏறிடுவேன்." சூட்கேஸை லேசாகத் தட்டினான். "உன் தலையெழுத்து இதுக்குள்ளதான் இருக்கு, பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனுஷன் கையில் இன்னொருத்தியின் கயிற்றைக் கொடுத்துவிட்டு, இழுக்காதே என்றால் இழுக்காமல் இருப்பானா? கயிற்றைக் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் முதியோர் இல்லத்தின் சலவை அறையிலிருந்து வக்கீலம்மாவுக்கு போன் செய்தாள்.

"ஒரே வீட்டுல இருக்கறது தப்பில்ல" என்றார் வக்கீலம்மா. "புருஷன் பெண்டாட்டியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தனி அறை, தனிச் சமையல். அவர் துணியை நீங்க துவைக்காதீங்க."

"துவைக்கவே கூடாதா?"

"வேண்டாம்மா. நாளைக்கு யாராவது கேட்டா, தனித்தனியா இருந்தோம்னு அடிச்சுச் சொல்ல முடியணும்."

போனை வைத்துவிட்டு, மலையாகக் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தாள். புருஷன் துணியைத் துவைக்க வேண்டாம் என்று அவள் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டியிருந்தது.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தாள்.

"கர்த்தருக்கு நான் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கேன்" என்றாள். "சபையோட ஆண்டு விழா வரைக்கும் அவர் ஒரு அறை, நான் ஒரு அறை. அவருக்குச் சமைக்க மாட்டேன், துவைக்க மாட்டேன். நான் கேட்டது ஒண்ணு இருக்கு. அது கிடைக்கிற வரைக்கும் இப்படித்தான்."

டல்வா "அல்லேலூயா!" என்று அலறினாள். எல்லோரும் அலறினார்கள். கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை என்று வந்துவிட்டால் அங்கே யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். அடெலினோ மட்டும் திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவர் அவன் முதுகில் தட்டி, "குடுத்து வெச்சவருய்யா நீங்க பிரதர்" என்றார். ஆண்டு விழாவன்று இருவரையும் மேடையில் நிறுத்தித் திருமண உடன்படிக்கையைப் புதுப்பிப்பதாகப் பாஸ்டர் அங்கேயே அறிவித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜுசாரா ஒருத்தியாகப் பார்த்த உத்தியோகத்தைச் சபை மொத்தமும் ஏற்றுக்கொண்டது. காலையில் ஒரு சகோதரர் வண்டியோடு வந்து அவனை வேலைக்கு ஏற்றிப் போவார். சாயங்காலம் இன்னொருவர் கொண்டுவந்து விடுவார். டல்வா தூக்குவாளியில் சோறு அனுப்பினாள். லக்ஸம்பர்க் என்ற பேச்சையே எடுக்க அவனுக்கு நேரமில்லை.

அவன் அழுக்குத் துணி வாஷிங் மெஷின் முன்னால் குவிந்தது.

"எந்தப் பட்டன் இதுல?"

"அதுலயே படம் போட்டிருக்கு பாரு."

"நான் என்ன வாடகைக்கா இருக்கேன் இந்த வீட்டுல?"

"வாடகைக்கு இருக்கறவன் வாடகை குடுப்பான்."

வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டும் ஒன்றாகப் போய், ரோஸ் நிறச் சட்டையோடு ஒரு வாரம் வேலைக்குப் போனான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் டி.வி.யை அணைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினான். குரலில் விளையாட்டு இல்லை. "ஜு, நான் நிஜமாவே மனசு மாறி வந்திருந்தா?"

"லுவானா கதவைச் சாத்தினா, அதனால வந்தே. நாளைக்கு அவ திறந்தா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியல" என்றான்.

அவன் உண்மை பேசி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவனை மன்னிக்க முடியுமா, அவன் மேல் இன்னும் கொஞ்சமாவது பிரியம் இருக்கிறதா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தாள். தேடுகிறபோதே, மன்னித்தால் ரெண்டு வருஷம் போயிற்று என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. மற்றப் பெண்கள் சும்மா கோபித்துக்கொள்ளலாம், சும்மா மன்னிக்கலாம். அவளுக்கு மட்டும் எதைச் செய்தாலும் அதன் மேல் அரசாங்க முத்திரை விழுந்தது. கூலி வாங்கி, வரி கட்டி, அந்த நாட்டுக் கிழவர்கள் செத்தால் கண்ணை மூடிவைக்கிற ஒருத்தியை, ஒருத்தனின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக வைத்துக்கொள்ளும் நாடு, அவள் மனசுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இரண்டு வருஷம் முடிந்த பின், வக்கீலம்மா கேஸைத் தாக்கல் செய்தார். அன்று காலையும் அடெலினோ சபைக்காரர் வண்டியில் வேலைக்குப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். அடெலினோ கோட்டுப் போட்டிருந்தான், உள்ளே அதே ரோஸ் சட்டை. பாஸ்டர் இருவரையும் மேடைக்கு அழைத்து, மைக்கை ஜுசாராவிடம் கொடுத்தார்.

"சிஸ்டர், பொருத்தனை முடிஞ்சுது. கேட்டதைக் கர்த்தர் குடுத்தாரான்னு சபைக்குச் சொல்லுங்க."

ஜுசாரா எதிரே இருந்த பெண்களைப் பார்த்தாள். சொல்லாமல் இறங்கிவிடலாம், நீதிமன்றத்துக் கடிதம் தானே வந்து சொல்லும். ஆனால் தன்னைப் பார்த்து இன்னொரு பெண் இப்படியே பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பாவம் யாருக்கு?

"குடுத்தாரு" என்றாள். "வெள்ளிக்கிழமை நான் விவாகரத்துக் கேஸ் போட்டேன்."

பாஸ்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அதுவரைக்கும் இவர் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னுதான் நான் கேட்டேன். இவர் போயிருந்தா நானும் போகணும், சட்டம் அப்படி. அதுக்காகத்தான் ரெண்டு வருஷமா சோறு அனுப்பினேன். அதைப் பாத்துப் பொறுமைன்னு சொன்னீங்க. அது பயம். நீங்களும் ஜெபம் பண்ணினீங்க, இவரைத் தினமும் வண்டியில ஏத்தி வேலைக்குக் கொண்டு விட்டீங்க. நான் கேட்டது கிடைச்சுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "ஆமென்" என்றது. இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து. சாட்சி முடிந்தால் ஆமென் சொல்லும் பழக்கத்தில் வாய் தவறி வந்தது என்று பாஸ்டர் பிற்பாடு சொன்னார். பழக்கம் ஆண்களுக்கும் உண்டு. அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கீழே இறங்கியதும் டல்வா அவள் கையைப் பிடித்தாள். "கர்த்தரையே ஏமாத்திட்டியேடி!"

"அவர்கிட்ட நான் ஒண்ணும் மறைக்கல சிஸ்டர். உங்ககிட்டதான் மறைச்சேன். அதுக்கு மன்னிச்சுக்கங்க."

டயர் கடை முன்னால் அவள் காரின் பக்கத்தில் அடெலினோ நின்றிருந்தான். முகம் கறுத்திருந்தது.

"சபையை வெச்சு என்னைக் கட்டிப் போட்டிருக்கே."

"கட்டு உனக்கா இருந்துச்சு? நீ எப்ப வேணாலும் போயிருக்கலாம். ரெண்டு வருஷமா அசைய முடியாம இருந்தது நான்."

அவன் தனக்குத் தெரிந்த ஒரே மிரட்டலைப் பழைய குரலிலேயே எடுத்தான். "நான் நாளைக்கே லக்ஸம்பர்க் போறேன். பாத்துக்க!"

ஜுசாரா காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"காலையிலயா, சாயங்காலமா? சொல்லு" என்றாள். "ஏர்போர்ட்ல நானே கொண்டு விடுறேன்."