செவ்வந்தி நம்பிய சிரிப்பு

சின்னதம்பி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்ததும் அவன் மனைவி செவ்வந்தி குலசாமிக்குப் பொங்கல் வைத்தாள்.

அதற்கு முன் பல மாதங்கள் அவன் சாமைக் கொல்லைப் பக்கமே போகாமல் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். மலையிறங்கிச் செங்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஈரல் வீங்கியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

"குடியால வர்ற அழற்சி ஈரலோட நிக்காதும்மா. மனசையும் சோர வைக்கலாம். அந்தச் சோர்வு தாங்காம திரும்பக் குடிப்பாரு. ஒண்ணை ஒண்ணு இழுக்கும்."

வார்டில் சேர்த்து, குடியை நிறுத்தி அனுப்பினார்கள். துணைக்கு வந்து தங்கியவன் செவ்வந்தியின் தம்பி ரஞ்சித்.

"நீ கவலப்படாத யக்கா, மாமாவ நான் பாத்துக்கறேன்."

தினமும் கொல்லைக்கு அழைத்துப்போனான். சின்னதம்பி வாய் நிறைய வெற்றிலையும் சிரிப்புமாகத் திரும்பினான். ஆனால் கண்கள் மஞ்சளாயின. கால்கள் வீங்கின. மறுபடி ரத்தம் சோதித்த டாக்டரம்மா, "இன்னும் குடிக்கிறாரு" என்றார்.

"என் தம்பி கூடவே இருக்கறான். அவன மீறி இன்னா நடக்கும்?" என்று கோபமாக எழுந்து வந்துவிட்டாள்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. மறுநாள் சொல்லாமல் கொல்லைக்குப் போனாள். புளிய மரத்தடியில் ரஞ்சித் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தான். சின்னதம்பி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான். சாராய நெடி.

"பாவி! இன்னாடா பண்ற?"

"செத்துடலாம்னு தோணுதுன்னு மாமா அழுதாரு யக்கா. குடிச்சா சிரிக்கறாரு. எனக்கு வேற வழி தெரியல."

செவ்வந்தி கணவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

"சாவணும்னு அவங்கிட்ட சொன்ன. பக்கத்துல படுத்திருந்த எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ குடிக்க வுடமாட்டியே."

கேனை உதைத்துக் கவிழ்த்தாள். அழுகை வரவில்லை. அன்றே கணவனைச் செங்கம் பஸ்ஸில் ஏற்றினாள். பின்னாலேயே ஏற வந்த ரஞ்சித்திடம், "எறங்கு. நான் வர்றப்ப நீ என் வூட்ல இருக்கக் கூடாது" என்றாள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கணவனை வைத்துக்கொண்டே சொன்னாள். உடனே வார்டில் சேர்த்தார்கள். இந்த முறை ஈரலோடு மனதுக்கும் வைத்தியம் தொடங்கியது. நாளாக ஆகக் கால் வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் அவன் தானாகவே, "இன்னிக்கு அந்த நெனப்பு வரல, செவ்வந்தி" என்றான்.

அவள் தலையாட்டினாள். மாத்திரையை அவன் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.