நோயில்லாத பிள்ளை

இறால் கொட்டகையில் காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர முடியும். தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகிலுள்ள கறுப்பு நரம்பை இழுத்து எறிய வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஊறி அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் நாற்றம் போகாது. அந்தக் கையால் எதை ஊட்டினாலும் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். புருஷன் வெளியூர் போனவன், போனவன்தான். அதனால் தம்பிக்கு ஊட்டுகிற வேலை ஆறு வயது மகள் தலையில் விழுந்தது.

சந்தில் அந்த மகளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. தம்பியைக் குண்டன் என்பார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைக்கு யாரோ கிண்டலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சுகாதார நிலையத்தில் குண்டன் கையில் சுற்றிய, மெலிவு பார்க்கும் அளவுப் பட்டை சிவப்பில் நின்றது. பச்சைக்கு வர வேண்டுமென்று சத்துப் பாக்கெட்டுகள் கொடுத்தார்கள். கடலையும் பாலும் சர்க்கரையும் அரைத்த விழுது.

"இவனுக்கு மட்டும்தாம்மா. பங்கு போட்டீங்கன்னா பிள்ளை தேறமாட்டான்," என்றாள் நர்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் ஒரு பாக்கெட்டை மோந்து பார்த்தாள். "என்னம்மா இது?"

அம்மா அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். பகலெல்லாம் அரை வயிற்றோடு கிடக்கிற பிள்ளையிடம் இதை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"மருந்துடி. நோயில்லாத பிள்ளை வாயில வச்சா வயித்தால போகும். எழுந்திரிக்கவே முடியாது."

"ஒரு துளி பட்டாக்கூடவா?"

"ஆமா."

டீச்சர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தம்பியைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்து, பாக்கெட் மூலையைப் பிய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கி விரலால் ஊட்டுவாள். "ஆ காட்டுடா குண்டா. எங்கே, முழுங்கிட்டியா? ஆ காட்டு." முடிந்ததும் வாளித் தண்ணீரில் விரல் இடுக்கு விடாமல் கழுவுவாள். ஒருநாள் சீக்கிரம் வந்த அம்மா கதவருகே நின்று இதைப் பார்த்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சின்னவன் முதலில் பிழைக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

குண்டன் தேறினான். கன்னம் வந்தது, சுவரைப் பிடித்து நடந்தான். அளவு பார்க்கும் நாளில் அம்மா அரைநாள் லீவு கேட்டு, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். பட்டை பச்சையில் நின்றது.

"பரவாயில்லையே. யாரு ஊட்டினது?"

"நான்தான்," என்றாள் டீச்சர்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே இன்னொரு பட்டையை எடுத்து அவள் கையிலும் விளையாட்டாகச் சுற்றினாள். அது இறுகிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றது. நர்ஸின் சிரிப்பு போய்விட்டது.

"இவளுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"அஞ்சு வரைக்கும்தாம்மா கொடுப்பாங்க." நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேசைமேல் பிரித்துக் கிடந்த பாக்கெட்டை நீட்டினாள். "வேற பிள்ளைக்குப் பிரிச்சதில மீதி. நீ சாப்பிடு கண்ணு."

டீச்சர் பின்னால் நகர்ந்தாள். "எனக்கு நோயில்லை."

"சாப்பிடுடி, ஒண்ணும் ஆகாது. அம்மா அன்னிக்குச் சும்மா சொன்னேன்."

"இல்லை, இப்பத்தான் பொய் சொல்றே." உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அம்மா பாக்கெட்டை வாங்கித் தன் வாயில் பிதுக்கிக்கொண்டாள். இத்தனை நாளில் அவளும் ருசி பார்த்ததில்லை. வறுத்த கடலை வாசம், நல்ல இனிப்பு. கண்ணில் நீர் முட்டியது.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் டீச்சர் வெலவெலத்துப் போனாள். "துப்பும்மா, துப்பு. நீ படுத்துட்டா வேலைக்கு யாரு போவா?" குழாயடிக்கு ஓடி இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி வந்தாள். வழியெல்லாம் சிந்தியது. பட்டை அவள் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "கொப்புளிம்மா."

அம்மா அந்தக் கைகளில் மிஞ்சியிருந்த தண்ணீரை வாயில் வாங்கிக் கொப்புளித்துத் துப்பினாள்.

"ஆ காட்டு," என்றாள் டீச்சர்.